பொன்முடி வளைவில் ஒரு பித்தளைத் துளை

அக்காவின் லாரி பொன்முடி வளைவில் பின்னோக்கி உருண்டதை நான் முதலில் பார்த்தது வாட்ஸ்அப்பில்தான். எஸ்டேட்காரர் யாரோ எடுத்த வீடியோ. கரும்புகை கக்கிக்கொண்டு லாரி திணறி நிற்கிறது. பிறகு மெல்லப் பின்னால் வருகிறது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து பின்சக்கரத்தின் அடியில் கல்லைத் தள்ளுகிறார்கள். வண்டி நின்றதும் ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறக்கிறது. புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிய ஓர் அம்மாள் இறங்கி, ஒன்றுமே நடக்காததுபோலக் கையை ஆட்டிச் சிரிக்கிறாள். அந்த அம்மாள் என் அக்கா. அறுபதைத் தாண்டியவள்.

வீடியோவை எனக்கு அனுப்பியவன் பெங்களூரில் இருக்கும் அவள் பிள்ளை. அடுத்த நிமிஷமே போன் வந்தது.

“மாமா, பாத்தேளா? அந்தக் கல்லு மட்டும் இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்? அம்மாட்டேந்து சாவியை வாங்கிடுங்கோ. நான் சொன்னா கேக்க மாட்டா. நீங்க சொன்னா கேப்பா.”

நான் சொல்லி அவள் எந்தக் காலத்தில் கேட்டாள்? ஆனாலும் வாங்கிவிடுகிறேன் என்று சொன்னேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும், அது என் சுபாவம். பழவங்காடியில் இருக்கும் என் மூக்குக்கண்ணாடிக் கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஸ்ரீவராகத்துக்குப் போனேன்.

லாரி வாசலில்தான் நின்றது. சின்ன லாரி, ரொம்பப் பழசு, பெட்ரோலில் ஓடுவது. எஸ்டேட் ஒன்று கழித்துக் கட்டியபோது அக்கா வாங்கினாள். ஆபீஸில் காலமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள், ஓய்வு பெற்ற கையோடு லாரி ஓட்டப் படித்தாள். தெருவே வாயைப் பிளந்தது. சனிக்கிழமை விடிந்ததும் சாலைக் கம்போளச் சந்தையில் காய்கறி, அரிசி, பருப்பு, சோப்பு என்று ஏற்றிக்கொண்டு பொன்முடியில் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் போவாள். அங்கே பஸ் அபூர்வம். லயத்துப் பெண்கள் இவளுக்காகக் காத்திருப்பார்கள், ‘லாரியம்மா’ என்று கூப்பிடுவார்கள். பேரன் பேத்தி வயதுக்காரர்களிடம் சிரித்துக்கொண்டே தராசு பிடித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் இறங்கி வருவாள். பல வருஷமாக இதுதான் அவளுடைய சனிக்கிழமை.

“சாவியைக் குடு” என்றேன், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

“உள்ளே வா. காப்பி சாப்பிட்டுட்டுக் கத்து.”

“காப்பியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீ உருண்டு போயிருந்தா உன் பிள்ளைக்கு யார் பதில் சொல்றது?”

“உருளலையே. பின்னே எதுக்கு இந்த பகளமும் கூச்சலும்?”

நான் கத்தினேன். அவளும் கத்தினாள். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து, நாங்கள் பார்த்ததும் மூடியது. கடைசியில் அக்கா சுவரில் சாய்ந்துகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“கேட்டியாடா. ஆத்துல நான் எழுந்தா எல்லாரும் ‘உக்காருங்கோ’ங்கறா. நின்னா ‘படுத்துக்கோங்கோ’ங்கறா. அங்கே மலைமேலதான் ஒருத்தரும் என்னை உக்காரச் சொல்றதில்லை. அதையும் விடச் சொன்னா எனக்கு ரொம்ப வெஷமமாக்கும், மனசு தாங்காது. ஒண்ணு பண்றேன். வர சனிக்கிழமை நீயும் கூட வா. மறுபடி ஒரு வளைவுல நின்னுதுன்னா, சாவியை உன் கையில தந்துடறேன். அப்புறம் அதைத் தொட மாட்டேன். சத்தியம்.”

அவள் சத்தியம் செய்தால் அது சத்தியம்தான். வண்டி இருக்கிற நிலைமையில் சனிக்கிழமை கண்டிப்பாக நிற்கும். சாவி என் கைக்கு வந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டு காப்பியைக் குடித்தேன்.

அப்படியே எழுந்து வந்திருக்க வேண்டும். என் புத்தி சும்மா இருக்குமா? “கீழே எப்படி ஓடறது?” என்று கேட்டு வைத்தேன்.

“கீழே ராஜா மாதிரி ஓடறது. கொஞ்சம் புகை, கொஞ்சம் பெட்ரோல் ஜாஸ்தி குடிக்கறது. விதுரை தாண்டற வரைக்கும் ஒரு புத்திமுட்டும் சிரமமும் இல்லை. வளைவு ஏற ஏறத்தான் மூச்சு முட்டறது. மெக்கானிக் எஞ்சினையே பிரிச்சுப் போடணும்ங்கறான்.”

கீழே ஓடுகிற எஞ்சின் மேலே ஏன் திணற வேண்டும்? அன்று ராத்திரி படுக்கிறவரை இதுவேதான் மண்டைக்குள் ஓடியது. என் தொழில் மூக்குக்கண்ணாடிக்குச் சின்னத் திருகு போடுவது, எஞ்சினைப் பற்றி எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். போனில் தேடித் தேடிப் படித்தேன். விஷயம் சுவாரசியமாக இருந்தது, சும்மா சொல்லக் கூடாது. இந்தக் காலத்து வண்டியில் பெட்ரோலை அளந்து விடுவது கம்ப்யூட்டர். அக்காவின் லாரியில் இருப்பது கார்புரேட்டர். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது, அந்தக் காற்று போகிற வேகத்தில் ஒரு பொடித் துளை வழியாகப் பெட்ரோலும் இழுபட்டு வந்து கலக்கும். அந்தத் துளை இருக்கிற பித்தளைத் திருகுக்கு ஜெட் என்று பெயர். எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை அந்தத் துளையின் அகலம்தான் தீர்மானிக்கிறது. மலைமேலே காற்று லேசாகிவிடும், ஆனால் துளை அதே துளை. பாலைக் குறைத்துவிட்டு டிகாஷனை மட்டும் அதே அளவு ஊற்றினால் காப்பி எப்படி இருக்கும்? அப்படித்தான் எஞ்சினுக்கும் கசக்கிறது. எரியாத பெட்ரோல் கரும்புகையாக வெளியே வரும், இழுக்கிற சக்தி போய்விடும்.

ஆஹா, பிடித்துவிட்டேன் என்று எழுந்து உட்கார்ந்தேன். உடனே இன்னொரு கேள்வி வந்து தலையில் குட்டியது. பொன்முடி இமயமலை இல்லையே! இதே லாரி, இதே மலை, பல வருஷம் ஜம்மென்று ஏறியிருக்கிறது. மலை இந்த வருஷம் மட்டுமா வளர்ந்துவிட்டது?

மறுநாள் காலை, கடை திறக்கிற நேரத்தில் நான் லாரியின் பானட்டுக்குள் தலையை நீட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கார்புரேட்டரில் ஒரு சௌகரியம். வெளியிலேயே இருக்கும் ஒரு பித்தளை நட்டைக் கழற்றினால் அதன் நுனியிலேயே ஜெட் கையோடு வந்துவிடும். எதையும் பிரிக்க வேண்டாம். ஜெட்டைத் துடைத்து, கடையில் நான் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். தலையில் 120 என்று பொறித்திருந்தது. துளையைப் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டேன். வட்டமாக இருக்க வேண்டிய துளை, பல் விழுந்த வாய் மாதிரி ஒரு பக்கம் கோணியிருந்தது. உள்சுவரெல்லாம் கீறல்.

மணக்காட்டுப் பக்கம் ஒரு பழைய உதிரிபாகக் கடை உண்டு. அங்கே போய் அதே 120 ஒன்று கேட்டேன். “மலை கேறுந்ந வண்டியா சாரே? அப்போ ஒரு நூத்திப் பதினஞ்சும் எடுத்தோளு, நோக்காமல்லோ” என்றார் கடைக்காரர். எண் குறைந்தால் துளை சின்னது. மலைக்கு அது பொருந்துமோ என்னவோ, ஏறும்போது மாற்றிப் பார்க்கலாமே என்று ஆசையாக இருந்தது. இரண்டையும் வாங்கிக்கொண்டேன். கடைக்குத் திரும்பி, மனைவியின் தையல் ஊசிகளைப் பரப்பி ஒவ்வொன்றாகத் துளையில் விட்டுப் பார்த்தேன். புது 120-இல் பாதியில் நிற்கிற ஊசி, அக்காவின் 120-இல் லொடலொடவென்று போய் மறுபக்கம் வந்தது. கண்ணாடி வாங்க வந்தவர் ஒருவர் நான் ஊசியோடு விளையாடுவதைப் பார்த்துவிட்டு, எதற்கும் அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார்.

ஆக, துளை பெரிதாகியிருக்கிறது. சரி, யார் பெரிதாக்கினார்கள்? பெட்ரோல் ஓடி ஓடித் தேய்ந்திருந்தால் வழுவழுவென்று தேய்ந்திருக்கும், கீறல் ஏன்? எனக்குச் சந்தேகம் மெக்கானிக் மேல்தான். எஞ்சினைப் பிரிக்க வைப்பதற்காக அந்த ஆள்தான் ஏதோ செய்திருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். நேரே போய்க் கேட்டும்விட்டேன். அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, “சாரே, ஞான் அது தொட்டிட்டே இல்ல. அம்மா தொடான் சம்மதிக்கத்தும் இல்ல” என்றார். அக்கா தொடவே விடுவதில்லையாம். நான் நம்பவில்லை. முறைத்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் புது 120-ஐப் போட்டேன். அக்கா ஓட்ட, கிள்ளிப்பாலம்வரை போய் வந்தோம். புகை சுத்தமாக இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், கரி அப்பிக் கிடந்த நுனி பிஸ்கட் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலந்தால்தான் அந்த நிறம் வரும். தெரு என்றும் பார்க்காமல் நான் கை தட்டினேன்.

வீட்டுக்குத் திரும்பும்போதுதான் எனக்கே உறைத்தது. நான் யார் கட்சி? சாவியை வாங்கித் தருகிறேன் என்று ஒருவனிடம் சொல்லிவிட்டு, வண்டி நிற்காமல் இருக்க வழி செய்துகொண்டிருக்கிறேன். மருமான் போன் செய்தபோது, “சனிக்கிழமை தெரிஞ்சுடும்” என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை புறப்பட்டோம். நெடுமங்காடு, விதுரை எல்லாம் தாண்டினோம். அக்கா ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓட்டுவாள், தோளெல்லாம் வேலை செய்யும். கல்லாறு தாண்டி வளைவுகள் ஆரம்பித்தன. முதல் சில வளைவுகள் சுகமாக ஏறின. நான் ஜன்னலில் தலையை நீட்டிப் புகைக்குழாயையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஏற ஏற, லேசாகக் கறுப்பு தெரிந்தது. என்னால் நம்ப முடியவில்லை. இன்னொரு வளைவு. கறுப்பு கெட்டியானது. எஞ்சின் இருமியது.

“என்னடா, பழையபடி ஆறதே?” என்றாள். குரல் மாறியிருந்தது.

“இரண்டாம் கியர் போடு.”

“போட்டாச்சு.”

“முதல் கியர்.”

“நீ பேசாம இரி!”

தேயிலைக்கு நடுவே ஒரு கொண்டைஊசி வளைவில், பாதி திரும்பிய நிலையில், வண்டி குலுங்கி நின்றது. அக்கா பிரேக்கையும் கைப்பிரேக்கையும் சேர்த்துப் போட்டாள். நான் குதித்து இறங்கிச் சக்கரத்தடியில் கல்லைத் தள்ளினேன். வியர்த்துக் கொட்டியது. நிமிர்ந்தால், அக்கா இருக்கையை விட்டு அசையவில்லை, நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அவமானமாகிவிட்டது. என் கணக்கு எங்கே தப்பியது? புது ஜெட்! நானே வாங்கி, நானே பார்த்து, நானே போட்டது. சூட்டையும் பார்க்காமல் நட்டைக் கழற்றினேன், விரல் பொசுங்கியது. ஜெட்டை வெயிலில் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பளபளவென்று புத்தம்புதுக் கீறல்கள். துளையின் வாய் மறுபடியும் கோணியிருந்தது. வியாழக்கிழமை இது இப்படி இல்லை.

“அக்கா, நேத்திக்கு யார் வண்டியைத் தொட்டா? அந்த மெக்கானிக் வந்தானா?”

“அவன் எதுக்கு வரான்? நான்தான்.”

“நீயா? என்ன பண்ணினே?”

“வெள்ளிக்கிழமையோல்லியோ. எப்பவும் பண்றதுதான். வண்டியை அலம்பி, துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு… அப்புறம் இதைக் கழட்டிக் குத்திப் போடுவேன்.”

“எதால?”

இருக்கைக்கு அடியிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துக் காட்டினாள். கோணி ஊசி. அரிசி மூட்டை தைக்கிற இரும்பு ஊசி, நுனி மூன்று பட்டையாக இருக்கும்.

“எஸ்டேட்டுல இதை ஓட்டிண்டிருந்தானே டிரைவர், அவன் சொன்னதாக்கும், ‘தூசி அடைச்சா கழட்டி ஊதுங்கம்மா’ன்னு. ஊதினா மட்டும் போறுமா? நம்மாத்துல சேவை பிழியற நாழித் துளையை நான் என்னிக்காவது குத்தாம வச்சிருக்கேனா? ஒரு வெள்ளிக்கிழமைகூட விட்டதில்லை. இது புதுசோ இல்லியோ, ஊசி போகவே மாட்டேன்னுது. பாவம், அடைச்சுண்டு இருக்குன்னு நன்னாச் சுத்திச் சுத்தி விட்டேன்.”

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டுச் சட்டம் அது, மறுக்க முடியாது. காப்பி ஃபில்டரோ சேவை நாழியோ பம்ப் ஸ்டவ்வோ, துளை என்று கண்டால் குத்தியே தீர வேண்டும். குத்தாமல் வைத்த துளை அசுத்தம். பித்தளையோ மெத்து, ஊசியோ எஃகு. வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு சுற்று. வண்டிக்கு வந்த நோய் என்னவென்று மெக்கானிக் தேடினார், மருமான் பயந்தான், நான் காற்றையும் மலையையும் குற்றம் சொன்னேன். அதைக் கெடுத்தது அவளுடைய அக்கறை.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. மெதுவாகச் சொன்னேன், துளை என்றால் என்ன, அளவு என்றால் என்ன, ஊசி என்ன செய்தது என்று. அக்கா கேட்டுக்கொண்டே இறங்கிவந்து சாலையோரக் கல்லில் உட்கார்ந்தாள்.

“அப்போ இத்தனை நாளா நான்தான் இதைக் கெடுத்தேனா?”

“கெடுக்கணும்னா பண்ணினே?”

“சுத்தமா வச்சுக்கணும்னுதானேடா பண்ணினேன்.” கண்ணைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். “ஒண்ணும் பண்ணாம சும்மா விட்டிருந்தா?”

“நன்னா ஓடியிருக்கும்.”

எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால், என்னத்தைச் சொல்ல, அந்த நேரத்திலும் என் விரல் சட்டைப் பையில் அந்த 115-ஐத் தடவிக்கொண்டிருந்தது. யாரும் குத்தாத ஜெட். அதைப் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே ஆகவேண்டும் எனக்கு. நட்டின் நுனியில் அதைத் திருகி, நட்டை முறுக்கினேன்.

“அக்கா, ஏறு. எடு வண்டியை.”

“வளைவுல நின்னாச்சே. சொன்ன சொல்லு—”

“சொல்லை மேலே போய்ப் பாத்துக்கலாம். நான் ஓட்டினா ரெண்டு பேரும் நேரா பள்ளத்துக்குத்தான் போவோம். எடு!”

ஸ்டார்ட் ஆனது. கல்லை அகற்றிவிட்டு ஓடி ஏறினேன். முதல் கியரில் ஒரு உறுமல், இடறல் இல்லை. வளைவு திரும்பினோம். அடுத்த வளைவு. இரண்டாம் கியரைத் தைரியமாகப் போட்டாள். நான் எட்டிப் பார்த்தேன், புகைக்குழாய்க்குப் பின்னால் வெறும் பனிதான் தெரிந்தது. “ஏறறதுடீ, ஏறறது!” என்று கத்தினேன். அக்காவை ‘டீ’ போட்டது அன்றுதான். அவளுக்கு அது காதில் விழவில்லை, அல்லது விழாததுபோல் இருந்தாள். மூட்டைகளோடு அந்தக் கிழட்டு வண்டி மலையை ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

லயத்து முற்றத்தில் பெண்கள் பைகளோடு நின்றிருந்தார்கள். “லாரியம்மா வந்துட்டாங்க! போன வாரம் உருண்டதப் பாத்து இனி வரமாட்டீங்கன்னுல்ல நெனச்சோம்” என்றாள் ஒருத்தி. அக்கா எஞ்சினை அணைத்தாள். சாவியை உருவினாள். இறங்குவதற்கு முன், என் உள்ளங்கையைப் பிரித்து அதில் வைத்து, விரல்களை அவளே மூடினாள். அவள் போய்த் தராசை மாட்டினாள்.

முன்னே நின்று பார்த்தேன். வெங்காயம் நிறுத்தாள். ஒருத்தியின் குழந்தைக்கு இருமல் தேவலையா என்று விசாரித்தாள். போன வாரம் ஒருத்தி கேட்ட வளையலை மறக்காமல் வாங்கி வந்திருந்தாள். மூட்டையைத் தானே இழுத்தாள், யாரும் தடுக்கவில்லை. வீட்டில் மாத்திரை டப்பாவோடு உட்கார்ந்திருக்கிற என் அக்காவா இது என்று இருந்தது. கையில் சாவி சுட்டது.

அப்போது போன் அடித்தது. மருமான். மலையில் சிக்னல் சரியில்லாததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

“மாமா, என்னாச்சு? நின்னுதா?”

அக்காவின் கை தராசுத் தட்டின்மேல் அப்படியே நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

“நின்னுது” என்றேன்.

“நான் சொல்லலை? சாவி வாங்கிண்டேளா?”

“என் கையிலதான் இருக்கு. ஏன் நின்னுதுன்னும் கேளு. நன்னா ஓடிண்டிருந்ததை, நல்லதுக்குன்னு நினைச்சு வாரா வாரம் குத்திண்டே இருந்திருக்கு. அதுலதான் கெட்டுது. கையை வைக்காம விட்டா ஓடும். இப்போ ஓடறது.”

“சரி, வண்டி ஓடட்டும். அம்மாவை என்ன பண்ணப் போறேள்?”

“அம்மாவையும் சேர்த்துதாண்டா சொல்றேன்.”

போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டேன். அக்கா தட்டிலிருந்த வெங்காயத்தைப் பையில் கொட்டினாள், இன்னும் இரண்டு எடுத்து மேலே போட்டாள். பிறகு முன்றானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து நீட்டினாள்.

“குடு. பனி இறங்கறதுக்கு முன்னே வளைவெல்லாம் தாண்டணும். சும்மா நிக்காம அந்தச் சாக்கை மடிச்சுப் போடு.”

கொடுத்துவிட்டு, சாக்கை மடித்தேன்.